நொய்யளவு மருந்து

வசந்தி மாத்திரை டப்பாவைத் திறந்து பார்த்தாள். நேற்று ராத்திரி போட வேண்டிய மாத்திரை அப்படியே கிடந்தது. விடிந்ததும் போட வேண்டியதும் கிடந்தது. புருஷன் ரங்கசாமியைக் காணோம். சுவரோரம் சாய்த்து வைத்திருந்த துரட்டியையும் காணோம். ஆட்டுக்குத் தழை ஒடித்துவர அவள் போய்த் திரும்புவதற்குள் மனுஷன் கம்பி நீட்டிவிட்டான். எங்கே போயிருப்பான் என்று யோசிக்கவே வேண்டியதில்லை. இன்றைக்கு அந்த ஊரில் எல்லாரும் போகிற இடம் ஒன்றுதான், ஓடைக்கு மேலே இருக்கும் அவர்கள் குடும்பத்துப் புளியமரம்.

பங்காளி தாண்டவராயனையே மரம் ஏறச் சொல்லிவிட்டதாக ரங்கசாமி நேற்றுப் பொழுது சாயும்போது சொன்னதை அவள் நம்பியிருந்தாள். வயிறு மந்தமாக இருக்கிறது, களி வேண்டாம் என்றதையும் நம்பியிருந்தாள். மந்தமும் இல்லை, ஒரு மண்ணும் இல்லை. மனுஷன் விரதம் இருந்திருக்கிறான். மாத்திரைகளை முந்தானையில் முடிந்துகொண்டு, கதவைக்கூடச் சாத்தாமல் மேட்டுப் பாதையில் ஓடினாள்.

ஜவ்வாது மலையில் அந்த ஊர்க்காரர்களுக்குப் புளியமரத்துக்குப் பட்டா கிடையாது, வழக்கம்தான் உண்டு. மாசி மாதம் முதல் உலுக்கு மரத்துக்காரன் கையால் நடக்க வேண்டும். முந்தின நாள் பொழுது சாய்ந்ததிலிருந்து பச்சைத் தண்ணீர் தவிர வாயில் எதுவும் படாமல் ஏறி, உச்சிக் கவையில் நின்று உலுக்கி, தன் காலாலேயே இறங்க வேண்டும். உடம்பு முடியாதவனுக்காக ஊர் இரண்டு வருஷம் பொறுக்கும், பங்காளி யாராவது ஏறுவான். மூன்றாம் வருஷமும் வேறு கை உலுக்கினால் மரம் அந்தக் கைக்குப் போய்விடும். ரங்கசாமிக்காகச் சித்தப்பா மகன் தாண்டவராயன் இரண்டு வருஷம் ஏறிவிட்டான். இது மூன்றாவது.

தாண்டவராயன் கெட்டவன் இல்லை. மரம் எந்தப் பேரில் இருந்தால் என்ன, புளியில் பாதி உனக்குத்தான் அண்ணா என்று வாய்விட்டே சொன்னான். அந்தப் பாதிதான் ரங்கசாமியைச் சுட்டுவிட்டது. என் மரத்துப் புளியை எனக்கே பிச்சை போடுகிறானா என்று முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டான். நல்லவன் சொல்கிற நல்ல வார்த்தைக்கும் சில நேரம் முள் உண்டு.

ரங்கசாமிக்கு நடுக்குவாதம். ஐம்பதைத் தாண்டும் முன்பே வந்துவிட்டது. முதலில் வலது கைக் கட்டைவிரல், பீடி உருட்டுகிறவன் விரல் போல, சும்மா இருக்கும்போதே உருண்டது. பிறகு நடை குறுகியது. பிறகு கால் சில நேரம் வாசற்படியில் ஒட்டிக்கொண்டு, இழுத்தாலும் வராமல் நின்றது. அசைவுக்கு வேண்டிய சாற்றைச் சுரக்கிற மூளை அணுக்கள் ஒவ்வொன்றாகச் செத்து வருகின்றன என்று பட்டணத்து ஆஸ்பத்திரியில் சொன்னார்கள். மாத்திரை அந்தச் சாற்றை வெளியிலிருந்து கொடுக்கும். ஆனால் சாகிற அணுவைக் காப்பாற்றாது.

காப்பாற்றுவதற்கு ஒரு புது வழியைச் சோதித்துப் பார்க்கிறோம், சேர்ந்துகொள்கிறீர்களா என்று கேட்டவள் கீதாஞ்சலி. படவேட்டுப் பெண், அந்த ஆராய்ச்சியில் நோயாளிகளைப் பார்த்துக்கொள்ளும் வேலை அவளுக்கு. நொய்யரிசி அளவில் உருண்டைகள். உடம்புக்குள்ளேயே கரைந்துபோகிற பொருளால் செய்தவை. அவற்றுக்குள் அணுக்களைச் சாகவிடாமல் காத்து வளர்க்கிற சத்தைப் பொதிந்து, மண்டையில் சின்னத் துளை போட்டு, ஊசி வழியாக ஆழத்தில் கொண்டுபோய் வைப்பார்கள். உருண்டை மாதக்கணக்கில் மெள்ள மெள்ளக் கரையும், கரையக் கரையச் சத்து கசியும். கடைசியில் உருண்டையும் இருக்காது, எடுப்பதற்காக மறுபடி துளை போடவும் வேண்டாம். சாமைக்கு அடியுரம் வைக்கிற மாதிரியா என்று ரங்கசாமி கேட்டபோது, டாக்டரே சிரித்து, கிட்டத்தட்ட அப்படித்தான் என்றார்.

ஆனால் சோதனை என்றால் சோதனைதான். பாதிப் பேருக்குச் சத்து வைத்த உருண்டை, பாதிப் பேருக்கு வெறும் உருண்டை. யாருக்கு எது என்று கணக்கைப் பிரிக்கும் நாள்வரை டாக்டருக்கே தெரியாது. கீதாஞ்சலி இதை ஒரு தடவைக்கு மூன்று தடவை சொன்னாள். புருஷனும் பெண்டாட்டியும் மூன்று தடவையும் தலையாட்டிவிட்டு, உருண்டை வைத்துக்கொண்டு ஊர் திரும்பியதும் முதல் வேலையாகக் காளியம்மன் கோயிலில் பூக்கேட்டார்கள். தெரியாமல் இருப்பதற்கு மலைக்காரன் என்ன டாக்டரா? வெள்ளைப் பூவையும் சிவப்புப் பூவையும் தனித்தனியே இலையில் மடித்துப் போட்டு, ஒரு பெண்பிள்ளையை எடுக்கச் சொன்னார்கள். வெள்ளை வந்தது. வெள்ளை என்றால் மருந்து இருக்கிறது.

அன்றைக்கே ரங்கசாமி குணமாக ஆரம்பித்துவிட்டான். இது கேலி இல்லை. கை உருளுவது குறைந்தது, நடை நீண்டது, வாசற்படியைத் தாண்டினான். மருந்து கெட்டுப்போகும் என்று புளியும் அகத்திக்கீரையும் தொடாமல் பத்தியம் இருந்தான். கரைந்துவிடுமோ என்று தலைக்குத் தண்ணீர் ஊற்றவே பயந்தான். வசந்தி பார்த்துப் பார்த்துப் பூரித்தாள். பூரித்தாள் என்றால் வெறும் பேச்சுக்கு இல்லை, கல்யாணமான புதிதில்கூட அவ்வளவு சந்தோஷமாக அவள் இருந்ததில்லை.

மூன்று நாளைக்கு முன் பள்ளிக்கூட மைதானத்தில், ஊரில் சிக்னல் கிடைக்கிற ஒரே இடத்தில், கீதாஞ்சலியின் போன் வந்தது. கணக்கைப் பிரித்துவிட்டார்கள்.

"அம்மா, பொறுமையா கேளுங்க. அவருக்கு வச்சது வெறும் உருண்டைங்க. அதுல மருந்து இல்ல."

வசந்தி மைதானத்திலேயே உட்கார்ந்துவிட்டாள். அவர் தேறியது பொய்யில்லை, நம்பிக்கை வைத்தால் மூளை மிச்சமிருக்கும் சாற்றைக் கொஞ்சம் கூடுதலாகவே சுரக்கும், ஆனால் அது நிலைக்காது, மாத்திரையை மட்டும் ஒருபோதும் விட்டுவிடாதீர்கள் என்றாள் கீதாஞ்சலி. வெறும் உருண்டை கிடைத்தவர்களுக்கு, சம்மதம் என்றால், இப்போது நிஜ மருந்தே வைக்கப்போகிறார்கள், அவரிடம் நீங்களே சொல்கிறீர்களா, நான் பேசட்டுமா என்றும் கேட்டாள். நானே சொல்கிறேன் என்று வசந்தி போனை வைத்தாள்.

வீட்டுக்கு வந்தால் ரங்கசாமி கயிறு திரித்துக்கொண்டிருந்தான். அந்த விரல்கள் கயிறு திரித்து மூன்று வருஷம் ஆகியிருந்தது. எப்படிச் சொல்வது? நாளைக்குச் சொல்லலாம் என்று உள்ளே போனாள். நாளைக்கும் வந்தது, போனது. நல்ல சேதி என்றால் வாய் தானாகத் திறக்கும். கெட்ட சேதிக்குத்தான் நாள் நட்சத்திரம் எல்லாம் பார்க்கத் தோன்றும்.

மேட்டின் விளிம்பை எட்டும்போதே புளி உதிரும் சத்தம் கேட்டுவிட்டது.

மரத்தடியில் தார்ப்பாய் விரித்திருந்தார்கள். ஊர்க்கவுண்டர், பங்காளிகள், கூடையோடு நாலைந்து பெண்கள், எல்லாரும் அண்ணாந்து நின்றார்கள். உச்சிக் கவையில் ரங்கசாமி. இரண்டு காலையும் இரண்டு கிளையில் ஊன்றி, தலைக்கு மேலிருந்த கிளையைப் பிடித்து உலுக்கிக்கொண்டிருந்தான். புளியம்பழம் சடசடவென்று கொட்டியது. கீழே நின்றவர்கள் முகமெல்லாம் சிரிப்பு. அவள் வருவதைக் கண்ட குப்பம்மா, உன் வீட்டுக்காரருக்கு வைத்த மருந்தை நம் ஊருக்கே வாங்கிவரலாம் போலிருக்கிறதே என்றாள். வசந்திக்கு மூச்சு வாங்கியது. ராத்திரியும் காலையும் மாத்திரை போடாத மனுஷன் அவ்வளவு உயரம் எப்படி ஏறினான்? வெறி வந்தாலோ பயம் வந்தாலோ இந்த நோயாளிகள் சட்டென்று ஓடக்கூடச் செய்வார்கள், அதை நம்பி ஏமாறாதீர்கள் என்று கீதாஞ்சலி ஒருமுறை எச்சரித்திருந்தாள். வெறி அடங்கும்போதுதான் ஆபத்து.

உலுக்கல் நின்றது. ஊர்க்கவுண்டர் கையைத் தூக்கி, போதும், இறங்கு என்று சொன்னார். ரங்கசாமி தலையாட்டினான். இடது காலை எடுத்துக் கீழ்க் கிளையில் வைக்கக் குனிந்தான். குனிந்தவன் குனிந்தபடியே நின்றான்.

முதலில் யாருக்கும் புரியவில்லை. வழி பார்க்கிறான் என்று நினைத்தார்கள். வசந்திக்குப் புரிந்துவிட்டது. வாசற்படியில் நின்ற அதே நிற்பு. அங்கே ஒட்டினால் கை பிடித்து இழுத்துவிடலாம். இங்கே மூன்று ஆள் உயரத்துக்கு மேல் நிற்கிறான், தார்ப்பாய்க்கு அப்பால் ஓடைப் பாறை.

"கால் வர்லியாய்யா?" என்று கத்தினாள்.

வந்த குரல் மெலிந்து, ஒரே சீராக இருந்தது. "வரும். தலையில இருக்குறது வேலை செய்யட்டும். பேசாம இரு."

தாண்டவராயன் இடுப்பில் கயிற்றைச் சுற்றிக்கொண்டு அடிமரத்தைக் கட்டிப் பிடித்துவிட்டான். மேலிருந்து ரங்கசாமி, எவன் கால் மரத்தில் பட்டாலும் கையை விட்டுவிடுவேன் என்றான். கத்தவில்லை, அந்த மெலிந்த குரலிலேயே சொன்னான். தாண்டவராயன் சுட்டதுபோல் கையை எடுத்தான். ரங்கசாமி இறங்கி முடிப்பதற்குள் வேறு கால் ஏறினால் உலுக்கு செல்லாது, மரமும் போச்சு. அதற்கு விழுந்து சாகலாம் என்று இருந்தான் அவன்.

ஊர்க்கவுண்டர் பாவம். மரம் கிடக்கட்டும், உயிர்தான் பெரிது, தாண்டவராயன் ஏறட்டும் என்று மேலே பார்த்துச் சொன்னார். ரங்கசாமியின் வலது கை கிளையிலிருந்து நாலு விரல் அகலம் விலகியது. அவர் அதோடு வாயை மூடிக்கொண்டார். ஏறச் சொன்னால் எருதுக்குக் கோபம், இறங்கச் சொன்னால் முடவனுக்குக் கோபம் என்பது இதுதான். தீயணைப்பு வண்டியைக் கூப்பிடலாம் என்று ஒருவன் மைதானத்துக்கு ஓடினான். மலைப் பாதையில் அது வந்துசேர வெயில் உச்சிக்கு ஏறிவிடும். பின்னால் யாரோ, முடவன் கொம்புத்தேனுக்கு ஆசைப்பட்ட கதை என்று முணுமுணுத்தார்கள். வசந்தி திரும்பிப் பார்த்த பார்வையில் அந்தக் குரல் அப்படியே அடங்கியது.

உண்மையைக் கத்திச் சொல்லிவிட்டால் என்ன? உன் தலையில் ஒன்றுமில்லை, எதற்காகவும் காத்திருக்காதே என்று? அந்த நம்பிக்கைதான் அவன் கையைக் கிளையோடு பிடித்து வைத்திருக்கிறது என்றால்? ஊர் முன்னால் அதை உடைத்த நொடியில் அவன் கையை விட்டுவிட்டால்? சொல்லாமல் விட்டால் வராத மருந்துக்காக நின்று நின்றே கை ஓய்ந்து விழுவான். அவனுடைய வலது கை ஏற்கெனவே உருள ஆரம்பித்துவிட்டது. கிளையின் நுனி இலைகள் காற்றில்லாமல் ஆடின.

வசந்தி ஊர்க்கவுண்டரிடம் போனாள்.

"வேற கைன்னா யாரு கைங்க?"

அவருக்குக் கேள்வி பிடிபடவில்லை.

"பொண்டாட்டி கை வேற கையா? அத்த மட்டும் சொல்லுங்க."

அந்த ஊரில் எந்தப் பெண்ணும் உலுக்கு மரத்தில் ஏறியதில்லை, அதனால் யாரும் அதைக் கேட்டதும் இல்லை. பங்காளிகள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தார்கள். கடைசியில் அவர், வேறு கை என்றால் வேறு வீட்டுக் கை, அவனும் நீயும் ஒரு வீடு என்றார். வழக்கத்தைப் பார்த்துச் சொன்னாரோ, மேலே இருப்பவனைப் பார்த்துச் சொன்னாரோ, சொன்னது மேலே வரைக்கும் கேட்கும்படி உரக்கச் சொன்னார். தாண்டவராயன் தன் இடுப்புக் கயிற்றை அவிழ்த்து அண்ணியின் தோளில் போட்டான். அவன் கண் கலங்கியிருந்தது.

புடவையை வரிந்து கட்டி ஏறினாள். சின்ன வயதில் நெல்லி மரம் ஏறியிருக்கிறாள். புளியமரம் வேறு, பட்டை தொடையை வழித்தது. பாதி உயரத்தில் கீழே பார்த்துவிட்டாள். தலை சுற்றியது. கண்ணை மூடி, காளியைத் திட்டினாள். வெள்ளைப் பூ கொடுத்தாயே, உனக்கு நல்லா இருக்குதா என்று திட்டியபடியே மிச்சத்தையும் ஏறினாள்.

கிட்டத்தில் போய்ப் பார்த்தபோது அவன் முகத்தில் எறும்பு ஊர்ந்தது. புளியமரத்துச் சிவப்பு எறும்பு, கண் இமையிலேயே கடித்துத் தொங்கியது. தட்டிவிட அவனுக்குக் கை வரவில்லை. இத்தனை நேரம் கடி வாங்கிக்கொண்டே நின்றிருக்கிறான். அவள் ஒவ்வொன்றாக எடுத்துப் போட்டாள். அவனை நடுமரத்தோடு சேர்த்துக் கயிற்றால் கட்டினாள். முடிச்சு விழுந்த பிறகுதான் அவளுக்கு மூச்சே வந்தது. முந்தானையை அவிழ்த்து மாத்திரையை அவன் உதட்டில் வைத்தாள். அவன் வாயைத் திறக்கவில்லை.

"உலுக்கியாச்சு. விரதம் முடிஞ்சுபோச்சு. முழுங்குய்யா."

அவன் யோசித்தான். நியாயமாகத்தான் பட்டிருக்க வேண்டும். தண்ணீர் இல்லாமல் கஷ்டப்பட்டு விழுங்கினான்.

பிறகு காத்திருப்பு. மாத்திரை வேலை செய்ய நேரம் எடுக்கும், வெறும் வயிறானதால் கொஞ்சம் சீக்கிரம் பிடிக்கலாம். அவள் கீழ்க் கிளையில் கால் வைத்து, அவன் இடுப்பைச் சுற்றிக் கை போட்டு நின்றாள். வெயில் மரத்தின் மேல்பாதியில் ஏறியது. அவள் கால் மரத்துப்போனது, மாற்றி வைக்கப் பயந்து அப்படியே நின்றாள். அவன் உடம்பின் நடுக்கம் அவள் கை வழியாக ஏறி அவள் பல்லில் தெரிந்தது. கல்யாணத்துக்குப் பிறகு ஊர் பார்க்க அவர்கள் இப்படிக் கட்டிக்கொண்டு நின்றது இதுதான் முதல் தடவை என்று ஒரு அசட்டு நினைப்பு வந்தது. உடனே அழுகையும் வந்தது, அடக்கிக்கொண்டாள்.

அவன் இடது பாதம் மெல்ல அசைந்தது. விரல்கள் மடங்கி நிமிர்ந்தன. முகத்தில் இறுக்கம் தளர்ந்து, சிரிப்புகூட வந்தது.

"பாத்தியா? தலையில இருக்குறது முழிச்சிக்கிச்சு" என்றான். "நான்தான் சொன்னேனே."

இப்போது மட்டும் பேசாமல் இருந்துவிடலாம். சந்தோஷமாக இறங்கட்டும். தரையில் கால் பட்டதும் சொல்லிக்கொள்ளலாம். மூன்று நாளாகச் சொல்லிக்கொண்ட அதே நாளைக்குத்தான் இது என்று தெரிந்தே அந்தப் பக்கம் சாய்ந்தாள்.

அதற்குள் அவன் முடிச்சில் கை வைத்துவிட்டான். கயிறு வேண்டாம், நீயும் வேண்டாம், முன்னால் நீ இறங்கு, எனக்குத் தலைக்குள்ளேயே துணை இருக்கிறது என்றான். இனிமேல் மாத்திரையும் வேண்டாமாம், ஒரு உடம்புக்கு எதற்கு இரண்டு மருந்து, நேற்றிலிருந்து விட்டுப் பார்த்ததில் என்ன குறைந்துவிட்டது என்றான். முடிச்சின் ஒரு சுற்று அவிழ்ந்தது. அவள் அவன் மணிக்கட்டைப் பிடித்தாள்.

"உன் தலையில மருந்து இல்லய்யா."

அவன் கேட்காததுபோல் அடுத்த சுற்றில் கை வைத்தான்.

"உனக்கு வச்சது வெறும் உருண்டை. அதுவும் கரைஞ்சுபோச்சு. அந்தப் பொண்ணு போன்ல சொல்லிச்சு. உள்ள ஒண்ணுமே இல்ல. இப்ப கால் வந்தது மாத்திரைல."

கீழே இருப்பவர்களுக்குக் கேட்காத குரலில்தான் சொன்னாள். ரங்கசாமி அவளையே பார்த்தான். பூ வெள்ளையாக வந்ததே என்றான். வந்தது, ஆனால் மருந்து வரவில்லை என்றாள். மூன்று மாதமாக நடந்தேனே என்றான். நடந்தாய், அது நிஜம்தான், ஆனால் அதை நம்பி மாத்திரையை விட்டால் இதுதான் நடக்கும் என்றாள். நிஜமான மருந்து இப்போதுதான் வைக்கப்போகிறார்கள், நாம் சரி என்றால் வைப்பார்கள் என்பதையும் சொல்லி முடித்தாள். எல்லாவற்றையும் கேட்டுவிட்டு அவன் ஒன்றே ஒன்றுதான் கேட்டான்.

"எப்ப சொல்லிச்சு?"

"மூணு நாளாச்சு."

"நான் கயிறு திரிச்சிக்கினு இருந்தேன். நீ பாத்துக்கினு இருந்த."

அவள் தலையாட்டினாள். அவன் முகம் திரும்பவும் இறுகியது. அசைந்துகொண்டிருந்த பாதம் நின்றுபோனது. அவள் பயந்தது இதற்குத்தான். சொன்னால் விழுவான், சொல்லாவிட்டால் விழுவான் என்று இருந்ததில் சொல்லிவிட்டாள். இப்போது பாதி அவிழ்ந்த கயிற்றில், மரத்துப்போன காலோடு நிற்கிறான். என்னை விட்டுவிட்டு நீ இறங்கிப் போ என்றான். இறங்க மாட்டேன் என்றாள். போடி என்றான். போக மாட்டேன்யா, உன்னை இங்கே விட்டுவிட்டுக் கீழே போய் நான் எந்த மூஞ்சியோடு நிற்பேன் என்று அவளும் பல்லைக் கடித்துக்கொண்டு சீறினாள். சீறிக்கொண்டே கயிற்றை நடுமரத்திலிருந்து விடுவித்து, அவன் இடுப்பில் மட்டும் இறுக்கி முடிந்து, அதன் மறுமுனையை மேல்கிளையில் ஒரு சுற்றுச் சுற்றித் தன் இடது கையில் பிடித்துக்கொண்டாள்.

பிறகு ஒரு பிடி கீழே இறங்கி, அவன் அடுத்துக் கால் வைக்க வேண்டிய இடத்தில் தன் வலது உள்ளங்கையைக் கவிழ்த்து வைத்தாள். ஆஸ்பத்திரியில் அவனை நடக்க வைக்கத் தரையில் சாக்பீஸால் கோடு போடுவார்கள். வெறும் தரையில் நகராத கால், தாண்டுவதற்கு ஒன்று தெரிந்தால் நகர்ந்துவிடும். மரத்தில் கோடு போட அவளிடம் கைதான் இருந்தது.

"என் கைய மிதி."

அவன் பார்த்தான். பெண்டாட்டியே ஆனாலும் கால் தவறிப் பட்டால் தொட்டுக் கும்பிடுகிற மனுஷன். மாட்டேன் என்று தலையசைத்தான்.

"கோவம் இருக்குதில்ல? அந்தக் கோவத்தோட மிதி."

கால் வந்தது. இழுத்து, நடுங்கி, அவள் புறங்கையின் மேல் முழுப் பாரத்தோடு இறங்கியது. அவளுக்குக் கண்ணில் பூச்சி பறந்தது. சத்தம் போடாமல் கையை உருவி அடுத்த இடத்தில் வைத்தாள். அடுத்த கால். கயிற்றைக் கொஞ்சம் விட்டுக்கொடுத்தாள். ஒரு கவைக்கு ஒரு மிதி. ஓரிடத்தில் அவன் வழுக்கி, கயிறு வெடுக்கென்று இழுபட்டு அவள் உள்ளங்கைத் தோலை உரித்தது. கீழே பெண்கள் வாயைப் பொத்திக்கொண்டார்கள். கயிறு நின்றது. அவள் மறுபடி கையை வைத்தாள், அவன் மறுபடி மிதித்தான். பாதி மரத்துக்குக் கீழே மாத்திரை நன்றாகவே பிடித்துவிட்டது. அப்போதும் அவள் கையை எடுக்கவில்லை, அவனும் வேறிடத்தில் கால் வைக்கவில்லை.

அவன் பாதம் தரையைத் தொட்டதும் தாண்டவராயன் அவனைக் கட்டிக்கொண்டு குழந்தை மாதிரி அழுதான். ஊர்க்கவுண்டர் தார்ப்பாயிலிருந்து ஒரு புளியம்பழத்தை எடுத்து ரங்கசாமி கையில் வைத்து, மரம் உன்னுது என்றார். அவ்வளவுதான் சடங்கு. குப்பம்மா தண்ணீர்ச் சொம்போடு ஓடிவந்து, என்ன இருந்தாலும் அந்த ஆஸ்பத்திரி மருந்து மருந்துதான் என்றாள். ரங்கசாமி தண்ணீரை வாங்கிக் குடித்தான். மருந்து இன்னும் வைக்கவே இல்லை, இனிமேல்தான் வைக்கப்போகிறார்கள் என்றான். குப்பம்மா முழித்தாள்.

எல்லாரும் புளி பொறுக்கக் குனிந்த பிறகு, வேரில் உட்கார்ந்திருந்த வசந்தியின் பக்கத்தில் வந்து உட்கார்ந்தான். அவள் வலது கை வீங்கிச் சிவந்திருந்தது. அதை எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டான். அவன் விரல்கள் உருண்டுகொண்டே இருந்தன. அவளைப் பார்க்காமல் ஓடைப் பாறையைப் பார்த்தபடி இருந்தான். இவன் இனி ஜென்மத்துக்கும் பேச மாட்டான் என்றே அவள் நினைத்தாள்.

"அந்தப் பொண்ணுக்குப் போன் போடு. வர்றோம்னு சொல்லு."

அவள் நிமிர்ந்து பார்த்தாள்.

"இந்த வாட்டி மருந்து வேல செஞ்சாலும் சரி, செய்யலன்னாலும் சரி, உனக்குத் தெரிஞ்ச அன்னிக்கே எனக்குச் சொல்லிடு" என்றான். "சொன்னா நான் தாங்க மாட்டேன்னு நீயா முடிவு பண்ணாத. சொல்லாததுதான் என்ன மேல ஏத்துச்சு."

சரி என்று தலையாட்டினாள். வீங்கிய கையை அவன் மடியிலேயே விட்டுவிட்டு, அவன் தோளில் முகத்தை வைத்து அழுதாள்.